அந்துவான் சிரித்த ராத்திரியும் இடித்துப்போட்ட தியேட்டரும்

நேற்று ராத்திரி பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவின் 'ஃபோர் ஹண்ட்ரட் ப்ளோஸ்' (1959) படத்தை மறுபடியும் பார்த்தேன். எத்தனையாவது தடவை என்று கணக்கில்லை.

பள்ளியிலும் வீட்டிலும் திட்டும் அடியும் வாங்கும் பையன் அந்துவான். எழுத்தாளர் பால்சாக்கின் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிவைக்கப்போய் வீட்டில் தீப்பிடித்துவிடுகிறது. அப்பா கத்துகிறார். அம்மாதான் சமாதானம் செய்து எல்லோரையும் சினிமாவுக்குக் கிளப்புகிறாள். போவது பாரிஸின் கோமோன் பாலஸ் தியேட்டருக்கு. திரும்பும் வழியில் சின்னக் காருக்குள் மூன்று பேரும் சிரித்துக்கொண்டே வருகிறார்கள். அந்தக் குடும்பம் அப்படி ஒன்றாகச் சிரிப்பது அந்த ஒரு ராத்திரிதான். அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்திருந்தும், அந்தக் காட்சியில் எனக்குத் தொண்டை அடைத்துவிடும்.

அந்த கோமோன் பாலஸ் இப்போது இல்லை. 1900-இல் குதிரைச் சாகசங்கள் நடத்தும் அரங்கமாக இருந்து, 1911-இல் சினிமா தியேட்டராகி, 1931-இல் புதுப்பித்த பிறகு சுமார் 6,000 பேர் உட்கார்ந்து படம் பார்த்த இடம். 1973-இல் இடித்துவிட்டார்கள். இன்று அங்கே ஒரு ஓட்டலும் கடைகளும் நிற்கின்றன.

பாரிஸைக் காட்டிய பழைய படங்களைப் பற்றிப் பேசும்போது நாம் தெருக்களைத்தான் பேசுகிறோம். அந்தக் காலத்து இளம் இயக்குநர்கள் கேமராவைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள், கோதாரின் 'ப்ரெத்லெஸ்' (1960) படத்துக்குச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஒளிப்பதிவாளர் ரவூல் கூதார் படம்பிடித்தார் என்றெல்லாம். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் படங்களுக்கு உயிர் கொடுத்ததில் பாதிப் பங்கு தியேட்டர்களுக்கு உண்டு என்பது என் கருத்து. 'ப்ரெத்லெஸ்' நாயகன் தியேட்டர் வாசலில் ஹாலிவுட் நடிகர் ஹம்ஃப்ரி போகார்ட்டின் படத்துக்கு முன்னால் நின்று, அவரைப் போலவே விரலால் உதட்டைத் தடவிக்கொள்கிறான். 'விவ்ர் சா வீ' (1962) படத்தின் நானா, இருட்டில் உட்கார்ந்து மௌனப்படத்தின் ஜோன் ஆஃப் ஆர்க்கைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறாள். இயக்குநர் ஆன்யெஸ் வார்தாவின் நாயகி க்ளியோ, மருத்துவப் பரிசோதனையின் முடிவுக்காகப் பயத்தோடு காத்திருக்கும் சாயங்காலத்தில், ப்ரொஜெக்டர் அறைக்குள் நின்று ஒரு குட்டி மௌனப்படம் பார்க்கிறாள். பயமோ துக்கமோ, இவர்களுக்குப் போக்கிடம் தியேட்டர். இந்தப் படங்களை எடுத்தவர்களும் அந்த இருட்டில் வளர்ந்தவர்கள்தானே. 1968 பிப்ரவரியில், பழைய படங்களைச் சேர்த்துவைத்துத் திரையிடும் சினிமாதெக்கிலிருந்து அதன் தலைவர் ஆன்றி லாங்லுவாவை அரசாங்கம் நீக்கியபோது அவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். ஏப்ரலில் அவரைத் திரும்ப உட்காரவைத்த பிறகுதான் ஓய்ந்தார்கள்.

இதே ஊரில்தான் கோமோன் பாலஸ் போயிற்று. எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒரு படத்தால் கட்டடத்தைக் காப்பாற்ற முடியும் என்பதற்கும் அங்கேயே சாட்சி இருக்கிறது. மார்செல் கார்னேயின் 'ஓத்தெல் து நோர்' (1938) படத்துக்காகக் கால்வாயையும் ஓட்டலையும் ஸ்டூடியோவில் செட் போட்டுத்தான் எடுத்தார்கள். அப்படியிருந்தும், அந்தப் படத்தின் புகழால்தான் நிஜ ஓட்டலின் முகப்பு பிற்பாடு பாதுகாக்கப்பட்டது. செட்டில் காட்டிய பாரிஸ் போலி என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

தப்பிப் பிழைத்த தியேட்டர்களும் உண்டு. 1932-இல் திறந்த கிராண்ட் ரெக்ஸில் கூரை முழுக்க நட்சத்திர வானம்; 1981 முதல் அது பாதுகாக்கப்பட்ட சின்னம். மோன்மார்த்ரில் 1928-இல் தொடங்கிய ஸ்டூடியோ 28 இருக்கிறது. 1930-இல் லூயிஸ் புனுவேலின் 'லாஜ் தோர்' படம் ஓடியபோது கலகக்காரர்கள் திரையில் மை வீசிய அதே தியேட்டர். 'அமேலி' படத்தில் அந்தப் பெண் இருட்டில் திரும்பி மற்றவர்கள் முகங்களைப் பார்த்து ரசிப்பதும் அங்கேதான். எல்லாவற்றையும்விட எனக்குப் பிரியமானது லூக்ஸோர். 1921-இல் எகிப்தியக் கோயில் பாணியில் கட்டியது. 1983-இல் சினிமா நின்றது, அப்புறம் நடன விடுதி ஆனது, பிறகு பூட்டியே கிடந்தது. அக்கம்பக்கத்து மக்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள். 2003-இல் நகராட்சி வாங்கியது, 2013-இல் மறுபடியும் தியேட்டராகத் திறந்தது.

ஆனால் கட்டடத்தை மட்டும் காப்பாற்றினால் போதாது, பழைய படங்களை அங்கே திரையிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். லூயி மாலின் 'லிஃப்ட் டு த ஸ்காஃபோல்ட்' (1958) படத்தில் ழான் மோரோ ராத்திரி முழுக்கக் காதலனைத் தேடி நடக்கிறாள். பின்னால் ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ட்ரம்பெட். அவள் முகத்தில் விழுவது கடைகளின் கண்ணாடி ஜன்னல்களிலிருந்து வரும் வெளிச்சம்தான், தனி விளக்கு கிடையாது. லேப்டாப்பில் பார்த்தால் பாதி சாம்பல் நிறமாகத்தான் தெரியும். கைப்பேசியில் கேட்கவே வேண்டாம். முகம் இருட்டில் கரைவதும் திரும்ப மேலெழுவதும் பெரிய திரையில், முன்பின் தெரியாத நாலு பேரோடு உட்கார்ந்தால்தான் கண்ணுக்குப் பிடிபடும்.

என்றைக்காவது பாரிஸ் போனால் ஐஃபில் கோபுரம் அப்புறம்தான். முதலில் லூக்ஸோரில் என்ன படம் ஓடினாலும் ஒரு காட்சி. அதன் பிறகு க்ளிஷி சதுக்கம் வரை நடந்துபோய், கோமோன் பாலஸின் வாசல் எந்தப் பக்கம் இருந்திருக்கும், அந்தச் சின்னக் கார் எந்தத் தெருவில் திரும்பியிருக்கும் என்று நின்று பார்க்க வேண்டும்.