23 நிமிடத்தில் ஹா லோங்

வியட்நாமின் ஹனோய் நகரத்தையும் ஹா லோங் விரிகுடாவையும் இணைக்க, மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தில் ரயில் விடும் திட்டத்தைப் பற்றிய செய்திகளில் எல்லாம் ஒரே வரிதான் முன்னால் வந்து நிற்கிறது: ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவு, 23 நிமிடப் பயணம். ரயில் வருவதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்த 23 என்ற எண்ணின் மீதுதான் ஐயம்.

நின்று நிதானமாகக் கணக்குப் போட்டால், 350 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராக ஓடினாலே 21 நிமிடம் ஆகிவிடும். வேகம் எடுக்கவும் தணியவும் பல கிலோமீட்டர் தேவைப்படுவதால், வழியில் எங்கும் நிற்காத வண்டிக்கே 23 என்பது இறுக்கிப் பிடித்த கணக்கு. சராசரியாக 200 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 36 நிமிடம். இடையில் இருப்பது கால் மணி நேரம். அதற்காக மூன்று மடங்கு காற்றெதிர்ப்பையும், வளைவுகளுக்கு இடம் தராத நேர்ப்பாதைக்கான நிலத்தையும் ஏற்க வேண்டியிருக்கிறது.

நான் ஹா லோங் போனது சுற்றுலாப் பேருந்தில். விரைவுச்சாலையில் வண்டி பறந்தது. ஆனால் அதற்கு முன் ஹனோயின் பழைய நகரத்துச் சந்துகளில் விடுதி விடுதியாக நின்று ஆள் ஏற்றுவதிலேயே ஒரு மணி நேரம் போயிற்று. நடுவழியில் ஒரு முத்துக் கடையில் இறக்கிவிட்டு அரை மணி நேரம் காக்க வைத்தார்கள். (நான் எதுவும் வாங்கவில்லை; அந்த ஓட்டுநருக்கு என்மேல் வருத்தம் இருந்திருக்கும்.) நேரம் கரைந்தது ஓட்டத்தில் அல்ல, ஆள் ஏற்றுவதிலும் இப்படிக் காத்திருப்பதிலும்தான். ரயில் நிலையம் சிவப்பு ஆற்றுக்கு வடக்கே, ஹனோயின் புறநகரான டோங் ஆன் பக்கம் அமையுமானால், பழைய நகரத்திலிருந்து அங்கே போய்ச் சேரும் நேரமே பயண நேரத்தை விஞ்சிவிடக்கூடும்.

இதே திசையில், ஹனோயை ஒட்டிய யென் வியென் முதல் ஹா லோங்கில் உள்ள கய் லான் துறைமுகம் வரை 131 கிலோமீட்டர் ரயில்பாதை ஒன்றை அரசு தொடங்கி, 2011-இல் செலவுக் குறைப்பின்போது பாதியில் நிறுத்தியது என்பதையும் மறந்துவிட முடியாது.

விரிகுடாவோ அவசரத்துக்கு மசியாத இடம். படகு மெல்ல ஒரு சுண்ணாம்புப் பாறையை நெருங்கும்போதுதான், அதன் அடியில் கடல்நீர் காலங்காலமாகக் கரைத்துக் குடைந்த பள்ளம் தெரியும். மேலே பாறை குடைபோல் நீட்டிக்கொண்டு நிற்கும். 1994-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கிய அந்த நீர்ப்பரப்பில், மிதவைகளிலிருந்து உதிர்ந்த வெள்ளைத் தெர்மோகோல் துணுக்குகளையும் பார்த்தேன். காலையில் வந்து மாலையில் திரும்பும் கூட்டம் பெருகினால், குகை வாசல்களில் படகுகள் வரிசை கட்டும். இரவு தங்குவோரால் பிழைக்கும் படகுக்காரர்களின் வருமானமும் அடிபடும். எனவே, ஒரு நாளைக்கு எத்தனை பேரை அந்த நீரில் அனுமதிப்பது என்பதை முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற ரயிலைக் கட்டுங்கள் என்பதே என் தரப்பு.