உலகம் அழிய இன்னும் நேரம் இருக்கிறது

(தம்பி தரையில் குப்புறப் படுத்து, ஆள் உயரத் தாளில் வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறான். அக்கா அந்தப் பக்கம் போகப் பார்க்கிறாள்.)

தம்பி: அக்கா, பார்த்து! ஒரு ராஜ்ஜியத்தையே மிதிக்கப் போகிறாய்.

அக்கா: ராஜ்ஜியத்தை நடைவழியில் விரித்தால் மிதிக்கத்தான் செய்வார்கள். என்னடா இது?

தம்பி: நான் உருவாக்கப்போகும் ரோல்பிளேயிங் கேமுக்கான உலகம். ஆளுக்கொரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் ஆடுகிற விளையாட்டு. எனக்குப் பிடித்த நாவல்களிலிருந்து நல்லதையெல்லாம் எடுத்து...

அக்கா: சுட்டு.

தம்பி: எடுத்து! இந்த விளையாட்டே அப்படித்தான் வளர்ந்தது. 1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் கேம் வந்தபோது அதில் ஹாபிட்டுகள் என்ற குள்ள மனிதர்கள் இருந்தார்கள். அப்படியே ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனிடமிருந்து வந்தவர்கள்.

அக்கா: டோல்கீன் தரப்பு சும்மா விட்டதா?

தம்பி: விடவில்லை. சட்டப் பிரச்சினை வந்ததும் ‘ஹாஃப்லிங்’ என்று பெயரை மாற்றிவிட்டார்கள். ஆள் அதே குள்ளம்தான்.

அக்கா: நம்பர் பிளேட் மட்டும் மாற்றிய வண்டி. சரி, காட்டு. (குனிகிறாள்.) இந்த ஆறு ஏன் கடலில் கிளம்பி மலைமேல் ஏறுகிறது?

தம்பி: அது... மாய ஆறு.

அக்கா: இங்கே தாளே ஓட்டையாக இருக்கிறதே?

தம்பி: தலைநகரம் சரியாக வரவில்லை என்று அழித்து அழித்து வரைந்தேன், கிழிந்துவிட்டது. இப்போது அது அடியில்லாப் பாதாளம். ஐயாயிரம் ஆண்டுச் சாபம்.

அக்கா: சாபத்துக்குக் காரணம் மட்டமான ரப்பர் என்று கல்வெட்டில் பொறித்துவிடு.

தம்பி: கிண்டல் பண்ணாதே. டோல்கீன் எவ்வளவு மெனக்கெட்டார் தெரியுமா? கதையில் ஒரு குழு பார்க்கும் நிலாவும் இன்னொரு குழு பார்க்கும் நிலாவும் தேதிப்படி பொருந்த வேண்டும் என்று, எழுதிய அத்தியாயங்களையே திருத்தினார்.

அக்கா: உன் உலகத்தில் எத்தனை நிலா?

தம்பி: மூன்று!

அக்கா: மூன்றும் ஒரே பக்கம் சேர்கிற அன்றைக்குக் கடல் எவ்வளவு பொங்கும்? இதோ, துறைமுகத்தைக் கரையிலேயே வைத்திருக்கிறாய்.

(தம்பி வாயைத் திறந்து மூடுகிறான். ரப்பரை எடுக்கிறான்.)

அக்கா: மெதுவாகத் தேய். இரண்டாவது பாதாளம் வந்துவிடப் போகிறது.

தம்பி: பூகோளத்தை விடு, என் மந்திரத்தைப் பார். ஜாக் வான்ஸ் 1950-இல் ‘தி டையிங் எர்த்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். அதில் எவ்வளவு பெரிய மந்திரவாதியானாலும் மண்டையில் நாலைந்து மந்திரம்தான் தங்கும். ஒரு தடவை ஏவிவிட்டால் சுத்தமாக மறந்துபோகும். மறுபடி உட்கார்ந்து படிக்க வேண்டும்.

அக்கா: நாம் பரீட்சை எழுதியதும் அப்படித்தான். மறுபடி படிக்கத்தான் இல்லை.

தம்பி: அந்த முறையை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸும் எடுத்துக்கொண்டது.

அக்கா: அதையுமா!

தம்பி: நான் அதோடு நிற்கவில்லை. உர்சுலா லெ குவினின் எர்த்சீ நாவல்களையும் கலந்திருக்கிறேன். 1968-இல் வந்த முதல் நாவலிலேயே உண்டு: ஒவ்வொருவருக்கும் ஓர் உண்மைப் பெயர். அது யாருக்குத் தெரிகிறதோ, அவர் பிடியில் நாம். அதனால் உயிருக்கு உயிரானவர்களைத் தவிர யாரிடமும் சொல்ல மாட்டார்கள்.

அக்கா: ஓஹோ. அப்படியானால் சான்றிதழில் இருப்பது உன் உண்மைப் பெயர் இல்லை. சின்ன வயதில் அம்மா உன்னைச் செல்லமாகக் கூப்பிட்டது...

தம்பி: அக்கா! ஜன்னல் திறந்திருக்கிறது!

அக்கா: நான் ஒன்றும் சொல்லவில்லையே.

தம்பி: (ஜன்னலைச் சாத்திவிட்டு) விளையாடிப் பார்க்கலாம் வா. உனக்கு என்ன பாத்திரம் வேண்டும்? எல்ஃப் வில்லாளி? சாபம் பெற்ற இளவரசி?

அக்கா: அந்த நாற்சந்தியில் என்ன கட்டடம்?

தம்பி: சத்திரம். பாதிக் கதைகள் அங்கேதான் தொடங்கும். மூலையில் முக்காடு போட்ட மர்ம மனிதர் உட்கார்ந்திருப்பார்.

அக்கா: நான் சத்திரக்காரி.

தம்பி: சத்திரக்காரியாக யாரும் விளையாட மாட்டார்கள். அவள் என்பிசி, ஆட்டக்காரர் யாரும் ஏற்காத துணைப் பாத்திரம். அவளுக்கு ஒரே வசனம்தான்: “பயணியே, வடக்கே மட்டும் போகாதே!”

அக்கா: அதைக் கேட்டதும் எல்லோரும் வடக்கே போவார்கள்.

தம்பி: எல்லோரும்.

அக்கா: போனவர்கள் அறைக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போகிறார்களா, திரும்பி வந்து கொடுக்கிறார்களா?

தம்பி: அதெல்லாம் எந்த நாவலிலும் இல்லை.

அக்கா: என் சத்திரத்தில் முன்பணம். ஆரம்பி.

(தம்பி இருபது முகப் பகடையை உள்ளங்கையில் குலுக்கி, காதோரம் ஏதோ முணுமுணுத்து உருட்டுகிறான். 19.)

தம்பி: வெற்றி! டிராகனைக் கொன்றுவிட்டேன்! ஒரு லட்சம் பொற்காசோடு உன் சத்திரத்துக்கு வருகிறேன்!

அக்கா: எதில் கொண்டு வந்தாய்?

தம்பி: பையில்.

அக்கா: அதில் ஏற்கெனவே நாற்பது வாளும் ஏழு கவசமும் இருப்பதாக எழுதியிருக்கிறாய்.

தம்பி: இந்த மாதிரி கேம்களின் மரபு அது. நாற்பது வாளோடு குதித்து ஓடலாம். அதற்கு மேல் ஓர் இறகு எடுத்தால் ஓர் அடி நகர முடியாது. சரி, அறை என்ன விலை?

அக்கா: நேற்று வரை ஒரு காசு. இன்றிலிருந்து ஐம்பது.

தம்பி: அநியாயம்!

அக்கா: ஊருக்குள் ஒரே நாளில் லட்சம் பொற்காசு நுழைந்தால் வேறென்ன ஆகும்? 1324-இல் மாலிப் பேரரசர் மான்சா மூசா மெக்காவுக்குப் போகிற வழியில் கெய்ரோவில் தங்கத்தை வாரி இறைத்தார். அங்கே தங்கத்தின் மதிப்பே இறங்கிப்போனது.

தம்பி: டிராகனைக் கொன்றதற்கு இதுதான் பரிசா?

அக்கா: அது பாட்டுக்குத் தங்கத்தின்மேல் படுத்துக்கொண்டு பணவீக்கத்தைக் கட்டுப்படுத்தி வந்தது. நீ போய் மத்திய வங்கி ஆளுநரின் தலையை வெட்டிவிட்டு வந்து விருந்து கேட்கிறாய்.

(தம்பி குறிப்பேட்டில் ‘டிராகன்’ என்ற வரியை அடிக்கிறான். பக்கத்தில் ‘வட்டி விகிதம்?’ என்று எழுதுகிறான்.)

தம்பி: நான் அரசனாகவே இருந்துவிடுகிறேன். சாகாவரத்தோடு.

அக்கா: அப்படி யாராவது இருந்திருக்கிறார்களா?

தம்பி: அல்டிமா ஆன்லைன் என்ற இணைய கேமில் இருந்தார். அந்த உலகத்தைப் படைத்த ரிச்சர்ட் கேரியட்டே ‘லார்ட் பிரிட்டிஷ்’ என்ற அரசராக உள்ளே உலவுவார்.

அக்கா: நன்றாக ஆண்டாரா?

தம்பி: 1997-இல் சோதனை ஓட்டம் நடந்தபோது மக்களைப் பார்க்க வந்தார். கூட்டத்தில் ஒரு ஆட்டக்காரர் நெருப்பு மந்திரத்தை ஏவினார். அரசர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அக்கா: சாகாவரம்?

தம்பி: அதற்கு முன்னால் சர்வர் விழுந்து எழுந்திருந்தது. வரத்தை மறுபடி போட்டுக்கொள்ள மறந்துவிட்டார்.

அக்கா: புராணத்தில்கூட வரத்தில் இவ்வளவு பெரிய ஓட்டை இருந்ததில்லை.

தம்பி: போதும், முக்கியக் கதைக்கு வருகிறேன். இருள் அரசன் விழித்துக்கொண்டான்! விடிந்தால் உலகம் அழிந்துவிடும்!

அக்கா: ஐயோ. நீ என்ன செய்கிறாய்?

தம்பி: முதலில் கொஞ்சம் மீன் பிடிக்கிறேன். அப்புறம் பக்கத்து ஊர்க் கிழவியின் ஆடு காணாமல் போயிருக்கிறது, அதைத் தேட வேண்டும்.

அக்கா: உலகம் அழிகிறதேடா!

தம்பி: காத்திருக்கும். நான் போய்க் கதவைத் திறந்தால்தான் இருள் அரசன் வசனத்தையே ஆரம்பிப்பான்.

அக்கா: உன் டோல்கீன் கதையின் நாயகன், அந்த ஃப்ரோடோ, ஆடு தேடினானா?

தம்பி: அவன் செப்டம்பர் 23-இல் வீட்டை விட்டுக் கிளம்பினான். அழிப்பதற்காக அவன் கொண்டுபோன மோதிரம் மார்ச் 25-இல் எரிமலைக்குள் விழுந்தது. ஆறு மாதம்! பெரும்பாலும் நடைதான். பசி, குளிர், சேறு... அடடா, என்ன ஒரு பயணம்!

அக்கா: அப்படியானால் நீயும் நட.

தம்பி: நானா? ஃபாஸ்ட் டிராவல் வைத்திருக்கிறேன். வரைபடத்தைத் தொட்டால் எரிமலை வாசல்.

அக்கா: இப்போதுதான் ‘அடடா’ என்றாய்.

தம்பி: வாசிக்கும்போது சேற்றில் நடப்பது அவன், போர்வைக்குள் இருப்பது நான். அந்தச் சுகமே வேறு. (பகடையை உருட்டுகிறான்.) ஆடு கிடைத்துவிட்டது. இருண்ட கோட்டைக்கு வந்துவிட்டேன். கதவை உதைத்துத் திறக்கிறேன்!

அக்கா: உள்ளே யாரும் இல்லை.

தம்பி: அதை நான்தான் சொல்ல வேண்டும்!

அக்கா: அவர் என் சத்திரத்தில் இருக்கிறார். மூலையில் முக்காடு போட்டவர் யார் என்று நினைத்தாய்? நீ ஆடு தேடிய நேரமெல்லாம் கதவுக்குப் பின்னால் தனியாக நின்று வசனத்தை ஒத்திகை பார்த்தாராம், பாவம். அலுத்துப்போய் இங்கே வந்துவிட்டார். ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கட்டியிருக்கிறார். மரியாதையான மனிதர், படுக்கை விரிப்பைக்கூட மடித்து வைக்கிறார்.

தம்பி: அவனை வெளியே அனுப்பு! அவன் உலகத்தையே அழிப்பான்!

அக்கா: கணக்குத் தீரும் வரை அழிக்க மாட்டார்.

தம்பி: (எழுந்து நின்று, அளவுகோலை வாளாக உருவி) விலகி நில், சத்திரக்காரியே! (உருட்டுகிறான்.) இருபது! இருபது விழுந்திருக்கிறது! இந்த உலகத்தில் எந்தச் சக்தியாலும் என்னைத் தடுக்க முடியாது!

(அக்கா நிதானமாக எழுந்து போய் ஜன்னலைத் திறக்கிறாள். தெருவைப் பார்த்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுக்கிறாள்.)

தம்பி: அக்கா... வேண்டாம்.

அக்கா: முதல் எழுத்தை மட்டும் சொல்லட்டுமா?

தம்பி: (வாளை மெதுவாகத் தரையில் வைத்து) அறை ஏதாவது காலியாக இருக்கிறதா?

அக்கா: ஒன்று இருக்கிறது. இருள் அரசரின் பக்கத்து அறை. ஐம்பது காசு. ஆட்டுக்குத் தனி.