லேபர் கட்சி ஐரோப்பாவைப் பற்றிப் பேசவே இல்லை

பிரெக்ஸிட்தான், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகியதுதான், அந்நாட்டின் லேபர் கட்சியை உடைத்தது என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஐரோப்பா விஷயத்தில் அந்தக் கட்சி இரண்டுபட்டுக் கிடப்பது அறுபது வருடக் கதை. இரண்டுபட்டுக் கிடந்தபடியே அது ஆட்சி நடத்தியிருக்கிறது, பொதுவாக்கெடுப்பும் நடத்தியிருக்கிறது. 2016-இல் நடந்தது வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகினால் எப்படி விலகுவது என்ற கேள்வியும், ஜெரமி கோர்பின் தலைவராக நீடிக்கலாமா என்ற கேள்வியும் ஒரே வாரத்தில் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டன. அந்த முடிச்சு இரு தரப்புக்கும் வசதியாக இருந்தது. அதனால் மூன்றரை ஆண்டுகள் யாரும் அதை அவிழ்க்கவில்லை.

லேபருக்கே தொடர்ந்து வாக்களித்து வருகிறவன் நான். அந்த வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

பழைய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருக்கு அது மறந்துவிட்டது. 1962-இல் அன்றைய தலைவர் ஹ்யூ கெய்ட்ஸ்கெல், ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்வது ஆயிரம் ஆண்டு வரலாற்றுக்கு முடிவு கட்டும் என்று பேசினார். 1971 அக்டோபரில், சேரலாம் என்று டோரி (கன்சர்வேடிவ் கட்சி) பிரதமர் எட்வர்ட் ஹீத் தீர்மானம் கொண்டுவந்தபோது 69 லேபர் எம்.பி.க்கள் கொறடா உத்தரவை மீறி ஹீத் பக்கம் வாக்களித்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய ராய் ஜென்கின்ஸ் அப்போது கட்சியின் துணைத் தலைவர்! துணைத் தலைவரே எதிரி அரசோடு சேர்ந்து வாக்களித்த கட்சி அது.

அந்தக் கட்சியை வைத்துக்கொண்டுதான் லேபர் பிரதமர் ஹாரல்ட் வில்சன் 1975-இல் பொதுவாக்கெடுப்பு நடத்தினார். அவருடைய அமைச்சரவையில் 16 பேர் நீடிக்கலாம் என்றார்கள், 7 பேர் வெளியேற வேண்டும் என்றார்கள். அந்த ஏழு பேரில் டோனி பென், மைக்கேல் ஃபுட், பார்பரா காஸில் போன்ற பெரிய தலைகள் இருந்தார்கள். ஏப்ரல் மாதம் கூடிய கட்சியின் சிறப்பு மாநாடு ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வெளியேறும் பக்கம் வாக்களித்தது. வில்சன் என்ன செய்தார்? அமைச்சரவைக் கூட்டுப் பொறுப்பைத் தளர்த்தினார். அவரவர் அவரவர் மேடையில் பேசிக்கொள்ளலாம் என்றார். ஆனால் அவர் தன் நிலையை ஒளிக்கவில்லை. மறுபேச்சு நடத்தினேன், கிடைத்ததை வைத்து நீடிக்கலாம் என்று என் அரசு பரிந்துரைக்கிறது என்று வீடு வீடாகத் துண்டறிக்கை அனுப்பினார். ஜூன் 5 அன்று 67 சதவீதம் பேர் நீடிக்கலாம் என்றார்கள். பிறகு டோனி பென்னைத் தொழில்துறையிலிருந்து எரிசக்தித் துறைக்கு மாற்றினாரே தவிர, அமைச்சரவையை விட்டுத் துரத்தவில்லை.

வில்சனைத் தந்திரக்காரர் என்றே எல்லோரும் எழுதுவார்கள். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. தன் கட்சிக்குள் சண்டை இருப்பதை அவர் நாட்டுக்கு முன்னால் ஒத்துக்கொண்டார். சண்டைக்கு ஒரு களமும் ஒரு கடைசித் தேதியும் கொடுத்தார்.

அதே 1975-இல் வெளியேற வேண்டும் என்று வாக்களித்தவர் இளைஞர் கோர்பின். எம்.பி.யான பிறகு, ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தையும் எதிர்த்தார். முதலாளிகளுக்காகக் கட்டப்பட்ட சந்தை என்பது அந்தத் தலைமுறை இடதுசாரிகளின் பார்வை. 1988-இல் ஐரோப்பிய ஆணையத் தலைவர் ஜாக் டெலோர் தொழிற்சங்க மாநாட்டுக்கு வந்து தொழிலாளர் உரிமைகள் பற்றிப் பேசிய பிறகு பெரும்பாலான சங்கங்கள் மனம் மாறின. கோர்பின் முழுதாக மாறவில்லை. 2016 பிரசாரத்தின்போது ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் பத்துக்கு ஏழு, ஏழரை மதிப்பெண் கொடுப்பேன் என்றார். அதைத் துரோகம் என்றார்கள். அந்தப் பிரசாரம் முழுவதிலும் ஓர் அரசியல்வாதி சொன்ன நேர்மையான வாக்கியங்களில் அது ஒன்று என்று நான் நினைக்கிறேன். குறை இருக்கிறது, ஆனாலும் இருப்போம் என்பதுதான் லட்சக்கணக்கான லேபர் வாக்காளர்களின் மனநிலையும்.

2016 ஜூன் 23 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் விலகலாம் என்றார்கள். 26-ஆம் தேதி ஹிலாரி பென் நிழல் அமைச்சரவையிலிருந்து (எதிர்க்கட்சியின் மாற்று அமைச்சர் குழு) நீக்கப்பட்டார் (டோனி பென்னின் மகன், தந்தை எதிர்த்த ஒன்றியத்தை மகன் ஆதரித்தார்). ராஜினாமாக்கள் மளமளவென்று விழுந்தன. 28-ஆம் தேதி லேபர் எம்.பி.க்கள் 172 பேர் கோர்பின்மேல் நம்பிக்கையில்லை என்று வாக்களித்தார்கள்; அவர் பக்கம் நின்றவர்கள் 40 பேர்.

அந்த வாரத்தை யோசித்துப் பாருங்கள். டேவிட் கேமரன் பதவி விலகல் அறிவித்துவிட்டார். டோரிகளுக்குள் வாரிசுப் போர். விலகல் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்று யாருமே தீர்மானித்திருக்கவில்லை. சுங்க ஒன்றியமா (உள்ளே சுங்கவரி இல்லை, வெளியார் பொருளுக்கு ஒரே வரி), ஒற்றைச் சந்தையா (பொருளும் ஆளும் தடையின்றி நடமாட ஒரே விதிகள்), நார்வே போல ஒன்றியத்துக்கு வெளியே இருந்தபடி சந்தையில் மட்டும் சேர்வதா என்றெல்லாம் எதிர்க்கட்சி முந்திக்கொண்டு பேசியிருக்க வேண்டிய நேரம். அந்தக் கோடைக்காலம் முழுவதையும் லேபர் கட்சி தலைமைத் தேர்தலில் செலவழித்தது. எதிர்த்து நின்ற ஓவன் ஸ்மித், இரண்டாவது பொதுவாக்கெடுப்பு வேண்டும் என்பதைத் தன் வாக்குறுதிகளில் ஒன்றாக்கினார். செப்டம்பர் 24 அன்று கோர்பின் 61.8 சதவீதத்தோடு மீண்டும் வென்றார்.

கெடுதல் தொடங்கியது இங்கேதான். அன்றிலிருந்து இரண்டாவது வாக்கெடுப்பு வேண்டும் என்று ஒருவர் சொன்னால், இவர் தலைவரைக் கவிழ்க்கப் பார்க்கிறார் என்று கோர்பின் ஆதரவாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். மக்கள் தீர்ப்பை ஏற்போம் என்று ஒருவர் சொன்னால், இவர் தலைவரின் ஆள் என்று மறுபக்கம் முத்திரை குத்தியது. கருத்தைக் கருத்தாக எடுத்துப் பேச இடமே இல்லாமல் போனது.

2017 பிப்ரவரியில், விலகலைத் தொடங்கும் மசோதாவை ஆதரிக்கும்படி கோர்பின் கொறடா உத்தரவு போட்டார். முதல் பெரிய வாக்கெடுப்பில் 47 பேரும் இறுதி வாக்கெடுப்பில் 52 பேரும் மீறினார்கள். பிறகு ஜூன் தேர்தல். லேபருக்கு 40 சதவீத வாக்கு, 262 இடங்கள். டோரி பிரதமர் தெரசா மே பெரும்பான்மையை இழந்தார். பட்டும் படாமலும் பேசினால் இரண்டு பக்கத்து வாக்கையும் அள்ளலாம் என்ற பாடத்தைத் தலைமை அந்தத் தேர்தலிலிருந்து கற்றுக்கொண்டது. அது தவறான பாடம். 2017-இல் விலகல் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது, எல்லாக் கட்சியும் மூட்டமாகத்தான் பேசியது. ஒப்பந்தம் மேசைக்கு வந்த பிறகு அந்த மூட்டம் செல்லாது.

கட்சியின் தர்மசங்கடம் உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. லண்டனில் கோர்பினின் இஸ்லிங்டனில் நான்கில் மூன்று பேர் நீடிக்கலாம் என்றார்கள். வட இங்கிலாந்தின் டான்காஸ்டரிலும் ஹார்ட்டில்பூலிலும் பத்தில் ஏழு பேர் விலகலாம் என்றார்கள். எல்லாமே லேபர் கோட்டைகள். டெர்பிஷயரில் ஷயர்புரூக் என்று ஒரு ஊர் இருக்கிறது, போல்சோவர் தொகுதியில். அங்கே 1993-இல் நிலக்கரிச் சுரங்கத்தை மூடினார்கள். சுரங்கம் இருந்த இடத்தில் விளையாட்டுப் பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தின் மாபெரும் கிடங்கு வந்தது. ஒப்பந்த முகமைகள் வழியாகக் கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் வைத்து வேலை வாங்கினார்கள். அங்கு நடந்த கொடுமைகளை 2016-இல் நாடாளுமன்றக் குழுவே விசாரித்து அறிக்கை கொடுத்தது. சங்கமும் நிலையான கூலியும் இருந்த இடத்தில் நேர உத்தரவாதமே இல்லாத வேலை. போல்சோவரில் எழுபது சதவீதம் பேர் விலகலாம் என்று வாக்களித்ததை வெறும் இனவெறி என்று சொல்லிக் கடந்துபோன லண்டன்காரர்களை எனக்குப் பிடிக்கவே இல்லை. ஒரு தொழிலாளர் கட்சி அந்த ஊரின் கோபத்தைக் கிடங்கு முதலாளிமேல் திருப்பியிருக்க வேண்டும்.

நம்மவர்கள் சம்பந்தப்பட்ட ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அந்தப் பொதுவாக்கெடுப்பில் பிரிட்டனில் வசிக்கும் காமன்வெல்த் குடிமக்களுக்கு வாக்குரிமை இருந்தது. இந்தியக் கடவுச்சீட்டோ இலங்கைக் கடவுச்சீட்டோ வைத்திருந்தவர் வாக்களிக்கலாம். பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் ஹாலந்திலும் அகதியாகத் தஞ்சமடைந்து, அந்நாட்டுக் குடியுரிமை பெற்று, பிறகு பிள்ளைகளின் படிப்புக்காக லண்டன் வந்து சேர்ந்த ஈழத் தமிழர்களுக்கு வாக்கு இல்லை. யாருடைய வாழ்வு நேரடியாகப் பாதிக்கப்படுமோ அவர்களுக்கு வாக்கு இல்லை. லேபர் இதை இன்னும் உரத்துப் பேசியிருக்க வேண்டும்.

இனி என் முக்கியமான குற்றச்சாட்டு. நடுவழி ஒன்று இருந்தது. 2018 பிப்ரவரியில் கோவென்ட்ரியில் கோர்பினே அதைச் சொன்னார்: ஒன்றியத்தை விட்டு விலகுவோம், ஆனால் ஐரோப்பாவோடு நிரந்தரச் சுங்க ஒன்றியம் வைத்துக்கொள்வோம். ஷயர்புரூக்குக்கும் இஸ்லிங்டனுக்கும் முழுத் திருப்தி தராத, ஆனால் இரண்டும் சகித்துக்கொள்ளக்கூடிய ஏற்பாடு. தலைவர் அதைக் கொடியாகத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஏழு மாதம் கழித்து லிவர்பூல் மாநாட்டில், மணிக்கணக்கில் அடைத்த அறைக்குள் உட்கார்ந்து ஒரு கூட்டுத் தீர்மானம் எழுதினார்கள்: முதலில் பொதுத் தேர்தல், அது கிடைக்காவிட்டால் எல்லா வழிகளும் திறந்தே இருக்கும், மக்கள் வாக்கெடுப்பு உட்பட. மேடையில் கட்சியின் பிரெக்ஸிட் விவகார நிழல் அமைச்சர் கெய்ர் ஸ்டார்மர், ஒன்றியத்தில் நீடிப்பது என்ற வாய்ப்பையும் யாரும் ஒதுக்கிவிடவில்லை என்றபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. கைதட்டாமல் உட்கார்ந்திருந்தவர்களும் இருந்தார்கள்.

2019 பிப்ரவரியில் ஏழு எம்.பி.க்கள் வெளியேறிச் சுயேச்சைக் குழு அமைத்தார்கள். ஐரோப்பாவும் ஒரு காரணம், கட்சியில் யூத வெறுப்புப் புகார்கள் கையாளப்பட்ட விதமும் ஒரு காரணம். இரண்டாவதில் அவர்கள் சொன்னது சரி. ஏப்ரல் 1 அன்று நாடாளுமன்றத்தில் மாற்று வழிகள்மேல் வாக்கெடுப்பு. சுங்க ஒன்றியத் தீர்மானத்துக்கு ஆதரவாக 273, எதிராக 276. மூன்றே மூன்று வாக்கு! வெளியேறிய சுயேச்சைக் குழு அதை ஆதரிக்கவில்லை. லேபருக்குள்ளேயே சிலர் எதிர்த்தார்கள். முழு வெற்றி வேண்டும் என்று காத்திருந்த இரு தரப்பும் சேர்ந்து, கைக்கெட்டிய நடுவழியைக் கொன்றன. இரண்டாவது வாக்கெடுப்புக்காரர்கள்மேல் எனக்கு இதில்தான் தீராத வருத்தம். அதே இரவில் அவர்களுடைய தீர்மானமும் 280-க்கு 292 என்று தோற்றது. கடைசியில் மேக்குப் பின் வந்த டோரி பிரதமர் போரிஸ் ஜான்சனின் விலகல்தான் கிடைத்தது.

மே மாதம் ஐரோப்பியத் தேர்தலில் லேபர் மூன்றாவது இடம். செப்டம்பரில் பிரைட்டன் மாநாடு. அது தொடங்கும்போதே துணைத் தலைவர் பதவியை ஒழித்து டாம் வாட்சனை வெளியேற்ற ஒரு முயற்சி நடந்து, எதிர்ப்பு கிளம்பியதும் கைவிடப்பட்டது. பிறகு ஐரோப்பா பற்றிய வாக்கெடுப்பு. நீடிப்பை ஆதரித்துக் கட்சி வெளிப்படையாகப் பிரசாரம் செய்ய வேண்டும் என்ற தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னார்கள். மேடையிலிருந்தவர்களே நிறைவேறியதா தோற்றதா என்று தடுமாறினார்கள். பிறகு தோற்றது என்று அறிவித்தார்கள். வாக்குகளைத் துல்லியமாக எண்ணும் அட்டை வாக்கெடுப்பு கேட்டவர்களுக்கு அது மறுக்கப்பட்டது. நாட்டின் ஒரு தலைமுறைக் கேள்வி!

நவம்பரில் கோர்பின் தொலைக்காட்சியில், புதிய ஒப்பந்தம் பேசி மக்களிடம் வைப்பேன், நான் நடுநிலை வகிப்பேன் என்றார். அவருக்காக வாதாடியவர்கள் வில்சனை உதாரணம் காட்டினார்கள். வில்சன் நடுநிலை வகிக்கவில்லை. கட்சிக்காரர்களுக்குச் சுதந்திரம் கொடுத்துவிட்டுத் தான் ஒரு பக்கம் நின்றார். கோர்பின் பல ஆண்டுகள் கட்சிக்காரர்களைக் கொறடாவால் கட்டிவைத்துவிட்டுத் தான் எந்தப் பக்கமும் நிற்காமல் இருந்தார்.

டிசம்பர் 12 அன்று 202 இடங்கள். இட எண்ணிக்கையில் 1935-க்குப் பிறகு மிக மோசமான தோல்வி. இதற்கு பிரெக்ஸிட் ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன், தலைவர்மேல் இருந்த அவநம்பிக்கை பெரிது. ஆனால் ஒரு விவரத்தைக் கவனியுங்கள். போல்சோவரில் 1970 முதல் எம்.பி.யாக இருந்த முன்னாள் சுரங்கத் தொழிலாளி டென்னிஸ் ஸ்கின்னர் தோற்றார். அவர் ஆயுள் முழுக்க ஐரோப்பிய ஒன்றியத்தை எதிர்த்தவர். டான் வேலியில் காரலைன் ஃப்ளின்ட் தோற்றார். அவர் அக்டோபரில் ஜான்சனின் ஒப்பந்தத்துக்கு ஆதரவாக வாக்களித்த 19 லேபர் எம்.பி.க்களில் ஒருவர். விலகல் பக்கம் நின்றவர்களுக்கும் அந்த ஊர்களில் மன்னிப்புக் கிடைக்கவில்லை.

ஸ்டார்மர் தலைவரானார். 2024 தேர்தல் அறிக்கையில் ஒற்றைச் சந்தைக்கோ சுங்க ஒன்றியத்துக்கோ திரும்ப மாட்டோம் என்று எழுதி 411 இடங்களோடு ஆட்சிக்கு வந்தார். லிவர்பூலில் அரங்கத்தை எழுப்பிய அதே மனிதர். மனம் மாறுவதில் தவறில்லை. ஆனால் இந்த மாற்றத்தைக் கட்சி எந்த மாநாட்டில் முழுதாக விவாதித்து முடிவெடுத்தது? மறுபடியும், ஐரோப்பாவைப் பற்றி வாய் திறந்தால் தலைமைக்கு எதிரான குரல் என்று பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

லேபர் உறுப்பினர்களாக இருக்கும் நண்பர்களிடம் ஒரு கோரிக்கை. உங்கள் கிளைக் கூட்டத்தில் சுங்க ஒன்றியம் பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள், ஆதரித்தோ எதிர்த்தோ. மாநாட்டில் அதற்கு அரை நாளாவது ஒதுக்கச் சொல்லுங்கள். அமைச்சர்கள் இரு பக்கமும் பேசட்டும், தலைவர் தன் நிலையை முதலிலேயே சொல்லட்டும், அட்டை வாக்கெடுப்பு நடத்தி எண்ணிக்கையை அறிவிக்கட்டும். தலைவர் அதில் தோற்றால் பதவி விலக வேண்டும் என்று யாரும் கேட்க வேண்டாம். வில்சனும் தன் கட்சி மாநாட்டில் தோற்றவர்தான்.