நெட்ஃபிளிக்ஸுக்காக நான் ஏன் வாதாட வேண்டும்?

தொலைத்தொடர்புத் துறையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். நெட் நியூட்ராலிட்டி, அதாவது எல்லாத் தளங்களையும் டெலிகாம் நிறுவனங்கள் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்ற கொள்கை பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அவர் கேட்பது ஒரே கேள்விதான். "காசு கொடுக்கப் போவது கூகுளும் நெட்ஃபிளிக்ஸும். வாங்கப் போவது எங்களை மாதிரி டெலிகாம் கம்பெனிகள். நடுவில் உனக்கு எங்கே வலிக்கிறது?"

நியாயமான கேள்வி. பதில்தான் கொஞ்சம் நீளம்.

டெலிகாம் நிறுவனங்களின் வாதம் இது. நெட்வொர்க் போடுவது நாங்கள், அதன் மேல் வீடியோ ஓட்டிச் சம்பாதிப்பது அவர்கள், ஆகவே அதிக டிராஃபிக் அனுப்புகிறவர்கள் எங்களுக்கு ஒரு பங்கு தரட்டும். இந்தியாவில் சிஓஏஐ என்ற அவர்களின் சங்கம் சில ஆண்டுகளாக இதைச் சொல்லி வருகிறது. ஐரோப்பாவின் பெரிய டெலிகாம்களும் இதே பாட்டைத்தான் பாடுகின்றன.

இதில் முதல் ஓட்டை எங்கே என்றால், யூடியூப் தானாக வந்து என் போனில் வீடியோவைக் கொட்டிவிட்டுப் போவதில்லை. நான் கேட்கிறேன், அது வருகிறது. அப்படி வருவதற்காகத்தான் மாதாமாதம் டேட்டா ரீசார்ஜ் செய்கிறேன். அந்தப் பக்கம் கூகுளும் தன் சர்வரையும் கேபிளையும் சொந்தச் செலவில் போட்டுத்தான் டெலிகாம் நெட்வொர்க்கின் வாசல் வரை வருகிறது. ஒரே டெலிவரிக்கு இரண்டு பக்கமும் வசூலிக்கப் பார்க்கிறார்கள். செலவு கூடிவிட்டது என்கிறார்கள், கூடியிருக்கும்தான். 2022 அலைக்கற்றை ஏலத்தில் மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்குக் கேட்டார்கள். ஆனால் அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போனது. அதற்கான பில்லை நெட்ஃபிளிக்ஸிடம் ஏன் நீட்ட வேண்டும்? கட்டுப்படியாகாவிட்டால் எங்களிடம் கட்டணத்தை ஏற்றலாம். ஜூலை 2024-இல் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் ஏற்றத்தானே செய்தன? முணுமுணுத்தோம், கட்டினோம்.

சரி, இப்படிக் காசு கைமாறினால் நடைமுறையில் என்ன நடக்கும்? அமெரிக்காவில் நடந்திருக்கிறது. 2013 கடைசியில் காம்காஸ்ட் என்ற பெரிய இணைய நிறுவனத்தின் இணைப்பு வைத்திருந்தவர்களுக்கு நெட்ஃபிளிக்ஸ் திக்கித் திணற ஆரம்பித்தது. ஜனவரி 2014-இல் சராசரி வேகம் சுமார் 1.5 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிட்டது. காம்காஸ்ட் நெட்ஃபிளிக்ஸைக் குறிவைத்து எந்த பட்டனையும் அழுத்தவேண்டிய அவசியமே இருக்கவில்லை. இரண்டு நெட்வொர்க்குகள் சந்திக்கும் இடத்தில் இணைப்புப் போர்ட்டுகள் நிரம்பி வழிந்தன, கூடுதல் போர்ட் போடாமல் சும்மா இருந்தாலே போதும். பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ் பணம் கட்டி நேரடி இணைப்பு வாங்கியது. மார்ச்சிலேயே வேகம் 2.5-ஐத் தொட்டது. மாதக்கணக்கில் தீராத நெரிசல், காசு வந்ததும் சில வாரங்களில் தீர்ந்துவிட்டது.

இந்த விவகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்கு அப்புறம் வருவது. 2014-இல் நியாயம் கேட்டு அவ்வளவு சத்தம் போட்ட நெட்ஃபிளிக்ஸின் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், 2017-இல் ஒரு மாநாட்டு மேடையில் வெளிப்படையாகவே பேசினார். இது இப்போது எங்கள் முதன்மையான சண்டை இல்லை, வேண்டிய ஒப்பந்தத்தைப் போட்டுக்கொள்ளும் அளவுக்கு நாங்கள் பெரிதாகிவிட்டோம், பத்து வருடத்துக்கு முந்தைய நெட்ஃபிளிக்ஸுக்குத்தான் இது முக்கியம் என்ற ரீதியில் சொன்னார். மனுஷன் உண்மையைச் சொன்னார். நண்பரின் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. காசு கொடுப்பது பெரியவனுக்குத் தொல்லைதான், ஆனால் தாங்கக்கூடிய தொல்லை. பின்னால் வருகிற சின்னவனுக்கு அது மதில் சுவர். ஒரு கட்டத்துக்கு மேல் அந்தச் சுவர் பெரியவனுக்கே வசதியாகப் போய்விடும்.

வேகத்தை விற்பதில் இன்னொரு சங்கதியும் உண்டு. கோயிலில் சிறப்பு தரிசன வரிசையை நகரவிடும்போது தர்ம தரிசன வரிசையை நிறுத்தித்தான் ஆக வேண்டும். டிக்கெட் விற்றதால் கருவறை வாசல் அகலமாகிவிடுவதில்லை. நெரிசலான நெட்வொர்க்கும் அப்படித்தான், ஒரு பாக்கெட் (டேட்டாவின் சின்னத் துண்டு) முந்தினால் இன்னொன்று காத்திருக்கிறது. ஆக, விற்பது வேகத்தை அல்ல, முன்னால் நிற்கும் இடத்தை. நெரிசல் இருந்தால்தான் அந்த இடத்துக்கு விலை. அப்படியானால் நெரிசலைத் தீர்க்க அந்த நிறுவனத்துக்கு என்ன ஆசை மிச்சம் இருக்கும்?

"பெரிய கம்பெனிகள் இப்போதே சிடிஎன் வைத்து வேகமாகத்தானே ஓடுகின்றன, அது மட்டும் சமத்துவமா?" என்று சிலர் மடக்குவார்கள். சிடிஎன் என்பது வேறு. வீடியோவின் பிரதியைப் பார்ப்பவருக்குப் பக்கத்திலேயே ஒரு சர்வரில் வைத்துவிடுவது. யாருடைய பாக்கெட்டும் அதனால் பின்னால் தள்ளப்படுவதில்லை. தூரத்து லைன்களில் பாரம் குறைவதால் மற்றவர்களுக்கும் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. வசதி உள்ளவனுக்கு இதிலும் அனுகூலம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சிடிஎன் சேவையைப் பல நிறுவனங்கள் போட்டி போட்டு விற்கின்றன, சின்ன வலைத்தளம்கூட வாங்கலாம். என் வீட்டுக்கு வரும் கடைசி லைனோ ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அந்த வாசலில் வசூல் வைத்தால் சுற்றிப்போக வேறு வழி கிடையாது.

தென் கொரியா இதைச் செய்து பார்த்த நாடு. டிராஃபிக்கை அனுப்பும் நெட்வொர்க் பெறும் நெட்வொர்க்குக்குக் காசு தர வேண்டும் என்று 2016-இல் விதி கொண்டுவந்தார்கள். அந்தச் சுமை மெல்ல உள்ளடக்க நிறுவனங்களின் தலையில் இறங்கியது. கேம் ஆடுவதை நேரலையில் காட்டும் ட்விட்ச், செலவு கட்டுப்படியாகாமல் 2022-இல் கொரியாவில் மட்டும் வீடியோ தரத்தை 720பி-க்குக் குறைத்தது. அப்படியும் முடியவில்லை. மற்ற பெரும்பாலான நாடுகளைவிடப் பத்து மடங்கு நெட்வொர்க் கட்டணம் என்று சொல்லிவிட்டு, பிப்ரவரி 2024-இல் கடையைக் கட்டியது. ட்விட்ச் ஒன்றும் அநாதை இல்லை, அமேசானின் பிள்ளை. அதற்கே இந்தக் கதி. அந்நாட்டு இணைய நிறுவனமான எஸ்கே பிராட்பேண்டோடு வருடக்கணக்கில் வழக்காடிய நெட்ஃபிளிக்ஸ் 2023-இல் சமாதானமாகப் போய், அங்கேயே இருக்கிறது. பெரியவனிலும் யார் தாங்குகிறான், யார் ஓடுகிறான் என்று பாருங்கள்.

அமெரிக்காவில் சட்டம் பந்தாக உருண்டுகொண்டிருக்கிறது. 2015-இல் நெட் நியூட்ராலிட்டிக்கு விதி போட்டார்கள், 2017-இல் நீக்க வாக்களித்தார்கள், 2024-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள், ஜனவரி 2025-இல் நீதிமன்றம் அதையும் தள்ளிவிட்டது. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் சொந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு சமாளிக்கின்றன.

இந்த விஷயத்தில் நாம் பரவாயில்லை. டிசம்பர் 2014-இல் இணையம் வழியாகப் பேசும் அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் என்று ஏர்டெல் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே பின்வாங்கியது. அடுத்த ஆண்டு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் குவிந்தன. (அனுப்பியவர்களின் முகவரிகளை எல்லாம் டிராய் தன் தளத்தில் அப்படியே வெளியிட்டது தனிக்கூத்து.) அதே 2015-இல்தான் ஃபேஸ்புக், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து, தான் சேர்த்துக்கொண்ட தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. முதலில் தொடங்கிய சில மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பிறகு அதற்கு ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயர் மாற்றி, பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரமாகக் கொடுத்துத் தள்ளினார்கள். 8 பிப்ரவரி 2016-இல் டிராய் கதவைச் சாத்தியது. தளத்துக்குத் தளம் வேறு விலை வைக்கக் கூடாது, மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். இன்று நெட்வொர்க் கட்டணம் கூடாது என்று வாதாடும் கூட்டத்தில் அதே ஃபேஸ்புக்கும் நிற்கிறது. அன்று வாசலில் உட்கார ஆசைப்பட்டவர்கள், இன்று வாசலில் வசூல் கூடாது என்கிறார்கள். நானும் இதை ஃபேஸ்புக்கில், அதாவது அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2018-இல், எந்த உள்ளடக்கத்தையும் தடுக்கவோ, மெதுவாக்கவோ, காசு வாங்கி முந்தவிடவோ கூடாது என்பதை உரிம நிபந்தனையிலேயே சேர்த்துவிட்டார்கள். ஆனால் அதில் ஒரு விலக்கு இருக்கிறது, "சிறப்புச் சேவைகள்" என்று. தொலைவிலிருந்து செய்யும் அறுவை சிகிச்சை, தானாக ஓடும் கார் போன்றவற்றுக்கு நெட்வொர்க்கில் தனி இடம் ஒதுக்கலாம். அறுவை சிகிச்சைக்கு ஒதுக்குவதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. ஆனால் 5ஜி-யில் ஒரே நெட்வொர்க்கைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேகம் வைத்து விற்கும் நுட்பம் இருக்கிறது. அடுத்த முறை டிராய் ஆலோசனை அறிக்கை வெளியிட்டால் நூற்றுச் சொச்சம் பக்கத்தில் நான் முதலில் தேடப்போவது அந்த விலக்குப் பட்டியலைத்தான். ஆபரேஷன் தியேட்டருக்குப் பக்கத்தில் ஆன்லைன் கேமும் கிரிக்கெட் நேரலையும் வந்து உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நண்பரே, நீங்களும் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வாருங்கள், மிச்சத்தைப் பேசுவோம்.