அது டிசைன் பெயர் இல்லை, எங்கள் ஊர்

இதைக் கொட்டித் தீர்க்காவிட்டால் இன்று எனக்குத் தூக்கம் வராது. நொய்டாவில் ஒரு புடவைக் கண்காட்சி. வாசலிலேயே பெரிய பேனர்: 'ஒரிஜினல் காஞ்சிவரம், வெறும் 1,800 ரூபாய்'. பின்னால் ஒரு கோபுரம், அதன் பக்கத்தில் கதகளி முகம். காஞ்சிபுரத்துக்கும் கதகளிக்கும் என்னய்யா சம்பந்தம்? விந்தியத்துக்குத் தெற்கே எல்லாம் ஒரே ஊர் என்று இன்னும் எத்தனை காலத்துக்கு நினைத்துக்கொண்டிருப்பார்கள்?

பேசாமல் வந்திருக்கலாம். முடியவில்லை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள் நான். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட ஒரு புடவையை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். உடலும் கரையும் சேரும் இடத்தில் கோர்வையே, அதாவது இரண்டையும் தனித்தனியாக நெய்து பிணைக்கிற வேலையே, இல்லை. உடலின் மஞ்சள் ஊடை, அதாவது குறுக்கு நூல், அப்படியே கரைக்குள் ஓடி, அரக்கை மங்கலாக்கி வைத்திருந்தது. அசல் கோர்வையில் கரைக்குத் தனி நாடா (ஊடை நூலைக் கொண்டுபோகிற கட்டை), உடலுக்குத் தனி நாடா. இரண்டு நிறமும் ஒன்றுக்குள் ஒன்று கலக்கவே கலக்காது. அதற்காகத்தான் தறியில் இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து நாடா வாங்கிப் போடுகிறார். சரிகையை நகத்தால் சுரண்டினேன். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும். வெள்ளை நூல் பல்லைக் காட்டியது.

"அண்ணா, இது பவர்லூம். பட்டே இல்லை" என்றேன். "பியூர் சில்க் மேடம்" என்றார் கடைக்காரர் கொஞ்சமும் கூசாமல். முந்தி ஓரத்தில் தொங்கிய நூல் ஒன்றைப் பிய்த்து, அவரிடமே லைட்டர் வாங்கிக் கொளுத்திக் காட்டினேன். பட்டு என்றால் முடி பொசுங்குகிற நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். இது உருகிக் கறுப்பு மணியாகத் திரண்டு நின்றது. பாலியஸ்டர்! அதைப் பார்த்த பிறகும் அந்த மனிதர் அசரவில்லை. "காஞ்சிவரம் என்பது டிசைன் பெயர்தானே மேடம், எங்கே வேண்டுமானாலும் நெய்யலாம்" என்கிறார்.

டிசைன் பெயரா? அது ஊர் ஐயா! என் அப்பா குழித்தறியில் காலை விட்டு உட்கார்ந்தால் மதியச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பார். விடியற்காலையில் தெருவோடு தெருவாகப் பாவு நூலை, அதாவது நெடுக்கு நூலை, இழுத்துக் கட்டி, அறுந்த இழையை ஒவ்வொன்றாகத் தேடி முடிச்சுப் போடுவார்கள். மழை பிடித்துவிட்டால் குழியில் ஈரம் ஏறும், பாவு காயாது, வேலை நிற்கும், கூலியும் நிற்கும். முந்திக்கு வேறு நிறம் என்றால் பிட்னி போட வேண்டும். பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து முறுக்குகிற வேலை அது. ஆயிரக்கணக்கான இழைகள். கண்ணே போய்விடும். ஒரு நல்ல கோர்வைப் புடவை தறியை விட்டு இறங்கப் பத்துப் பதினைந்து நாளாவது ஆகும். அதன் பெயரைத் தூக்கி ஒரு பாலியஸ்டர் துணியின் மேல் ஒட்டி 1,800 ரூபாய்க்கு விற்பதற்குப் பெயர் வியாபாரமா?

உடனே ஒருவர் வருவார்: பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, சரிகை சூரத்திலிருந்து வருகிறது, இதில் உங்கள் ஊர் எங்கே என்று. நெய்கிற கையில் இருக்கிறது எங்கள் ஊர். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பெயருக்கான சட்டப் பாதுகாப்பு, கிடைத்து இருபது வருஷம் ஆகப்போகிறது என்று கூடச் சொல்ல முடியாது, ஆகியே விட்டது. பொய்யாக அந்தக் குறியீட்டைப் போட்டு விற்றால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 வருஷம் சிறை, 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை அபராதம் என்று 1999ஆம் வருஷச் சட்டத்தில் இருக்கிறது. கைத்தறிக்கென்று ஒதுக்கிய ரகங்களை விசைத்தறியில் நெய்யக் கூடாது என்று 1985இல் தனிச் சட்டமே போட்டார்கள். ஏட்டில் எல்லாம் இருக்கிறது. அந்தக் கண்காட்சிக்குள் எட்டிப் பார்க்கத்தான் ஒரு அதிகாரியும் இல்லை.

வெளியூர்க்காரர்கள் எங்கள் பட்டைக் கட்டக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. கட்டுங்கள், தாராளமாகக் கட்டுங்கள். வடக்கே ஒரு பெண் கல்யாணத்துக்குத் தாழம்பூ ரேக்கு, அதாவது தாழம்பூ இதழ் மாதிரிக் கரை, போட்ட புடவை கட்டி நின்றால் எனக்குப் பெருமைதான். காசு நெய்தவன் வீட்டுக்குப் போகட்டும். அந்தக் கடையில் என் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி, பேத்தி நிச்சயதார்த்தத்துக்கென்று மூன்று புடவை எடுத்து வைத்திருந்தார். அவரையும் சேர்த்துத்தானே ஏமாற்றுகிறார்கள்! எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் சொல்லிப் புரியவைத்தேன். மூன்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைக்காரர் என்னை முறைத்தார். முறைக்கட்டும்.

கோபம் தணியட்டும் என்று பக்கத்திலிருந்த உணவுக் கடைக்குப் போனால், அங்கே 'காஞ்சிபுரம் இட்லி'. மிளகு, சீரகம், சுக்கு, நெய் போட்டு, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் வேகவைத்து வரதராஜப் பெருமாளுக்குப் படைக்கிற இட்லி அது. இவர்கள் கொண்டுவந்து வைத்ததில் மிளகு இல்லை, சுக்கு வாசனை இல்லை. மேலே கேரட் துருவல், நடுவில் ஒரு செர்ரிப் பழம். செர்ரி! பெருமாள் கோயில் இட்லியில் செர்ரி வைத்தவன் எவன் என்று எனக்கு இப்போதே தெரிந்தாக வேண்டும்.