ரிப்போர்ட் போனில் இருக்கிறது, யார் பார்ப்பது?

பாலக்கோடு பக்கம் ஒரு லேபில் வேலை செய்கிறேன். ரிப்போர்ட் வாங்க இப்போது யாரும் நேரில் வருவதில்லை, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம். 'நார்மல்' என்று பார்த்ததும் போனை மூடிவிடுவார்கள். போன வருடம் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தத்தில் எவ்வளவு என்று பார்ப்பது) 0.8 இருந்த அம்மாவுக்கு இந்த வருடம் 1.2 வந்திருந்தாலும் பல லேப்களின் அளவுப்படி அது நார்மல்தான். ஆனால் முப்பது வயது ஆணுக்கு 1.2 என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்குச் சுமார் 83 மில்லி. அறுபது வயதுப் பெண்ணுக்கு அதே 1.2 என்றால் வெறும் 52. மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழேயே இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்றுதான் மருத்துவர்கள் சொல்வார்கள். வயது, பாலினம், கிரியாட்டினின் மூன்றையும் கொடுத்தால் எந்த சாதாரண போனும் இந்தக் கணக்கைப் போட்டுவிடும்.

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. சிறுநீரகம் கெடுவதற்கு முதல் காரணங்களும் இந்த இரண்டும்தான். மாத்திரை கொண்டுவரும் அக்காவே கிரியாட்டினினையும் சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் போனில் பதிந்து, பழைய எண்ணோடு சேர்த்துக் காட்டினால் என்ன? இங்கிலாந்தில் சோதனைப் பட்டையைச் சிறுநீரில் நனைத்து, நிற அட்டையோடு போனில் படம் எடுத்தால் முடிவு சொல்லும் முறையை அரசு மருத்துவ சேவையிலேயே வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நமக்கு முதலில் அதுகூட வேண்டாம். இருக்கிற எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே போதும்.

நம்ம ஊருக்கென்று இன்னொரு சிக்கல் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். பல வருடம் போர் தண்ணீர் குடித்த பெரியவர்கள் பலருக்கு மூட்டும் முதுகும் விடாமல் வலிக்கும். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே காட்டு வேலைக்குப் போவார்கள். சிறுநீரகம் பலவீனமாக இருப்பவருக்கு அந்த மாத்திரை பெரிய கேடு. விழுங்குவதற்கு முன்னால் மாத்திரை அட்டையைப் படம் எடுத்து நர்ஸுக்கு அனுப்பி, "இதைப் போடலாமாங்க?" என்று கேட்க ஒரு நம்பர் இருந்தால் எத்தனையோ பேருடைய சிறுநீரகம் தப்பிக்கும்.

டயாலிசிஸ் செய்பவர்களுக்கு போன் இன்னும் முக்கியம். ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு கிலோ ஏறினால், கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உடம்பில் தங்கிவிட்டது என்று அர்த்தம். காலையில் எடை பார்த்து, அந்த எண்ணை மட்டும் அனுப்பினாலே மூச்சுத்திணறலோடு நடுராத்திரி ஆம்புலன்ஸ் ஏறுவதைப் பல நேரம் தவிர்க்கலாம். டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட இடத்தில் வழக்கமான அதிர்வு நின்றுவிட்டால் அன்றைக்கே போன் செய்ய வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அப்புறம் மாம்பழக் காலம். மாம்பழத்திலும் இளநீரிலும் உள்ள பொட்டாசியம் இவர்கள் உடம்பில் சேர்ந்துகொண்டே போவது வெளியே தெரியாது, நேராக இதயத்தில் கை வைக்கும். போனோடு இணைத்து எடுக்கும் இசிஜியை வைத்தே பொட்டாசியத்தைக் கணிக்க அமெரிக்காவில் ஆய்வு செய்திருக்கிறார்கள். நல்ல முயற்சிதான், ஆனால் ரத்தப் பரிசோதனைக்குப் பதிலாக அதை நம்பச் சொல்ல மாட்டேன்.

ஆங்கிலத்தில் கலர் கலராக வரைபடம் காட்டும் செயலி அஞ்செட்டியில் இருக்கும் தாத்தாவுக்கு எதற்கு? அங்கே தமிழோடு கன்னடமும் தெலுங்கும் பேசுகிறார்கள். அவரவர் பேச்சில் ஒரு குரல் அழைப்பு வந்தால் போதும். சிக்னல் இல்லாத மலை ஊர்களில் பதிந்ததைச் சேமித்து வைத்து, சிக்னல் வந்ததும் தானாகப் போகிற மாதிரி இருக்க வேண்டும். முக்கியமாக, அந்தப் பக்கம் போனை எடுத்துப் பதில் சொல்லும் ஒரு நர்ஸை ஆரம்ப சுகாதார நிலையத்தில் அரசு நியமிக்க வேண்டும். அந்த ஆள் இல்லாமல் மற்றதெல்லாம் வீண்.

அதுவரைக்கும், சர்க்கரையோ பிரஷரோ இருப்பவர்கள் வீட்டில் இருந்தால் வாட்ஸ்அப்பில் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். புதியதோடு சேர்த்து மருத்துவரிடம் காட்டி, "கிரியாட்டினின் ஏறியிருக்கா, வடிகட்டும் அளவு எவ்வளவு?" என்று கேளுங்கள்.