வத்தல் பிழிய ஆள் கூப்பிட்டால் சோம்பேறியா?

பால்காய்ப்பு வீட்டுப் பந்தியில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். "உனக்கென்ன, நாற்காலியில உக்காந்துகிட்டு நாலு பேரை வேலை வாங்குத, கொடுத்து வச்சவ" என்று மைனியைப் பார்த்து அந்தப் பெரியம்மை சொல்ல, சுற்றியிருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். மைனி பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டார்கள். கூழ்வத்தல் பிழிய மைனி ஆள் கூப்பிட்டதற்குத்தான் இந்தப் பேச்சு. எனக்கு இன்னும் ஆறவில்லை.

மைனிக்கு இருப்பது சரவாங்கி, அதாவது முடக்குவாதம். விரல் மூட்டெல்லாம் காலையில்தான் இறுகிக் கிடக்கும், இளகுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலேயும் ஆகும். கூழ்வத்தல் வேலை எப்போது? விடியுமுன்னே கூழ் காய்ச்சி, சூடு ஆறாமல் பிழிந்து, வெயில் ஏறுவதற்குள் தட்டட்டியில், அதாவது மொட்டைமாடியில், விரித்த வேட்டி நிறைய வேண்டும். ஆறிய கூழ் அச்சில் இறங்காது, அமுக்குகிற மணிக்கட்டுதான் வாங்கும். நோய் பாடாய்ப் படுத்துகிற நேரமும் வத்தல் பிழிகிற நேரமும் ஒன்று. இதையா சோம்பல் என்கிறீர்கள்?

நாற்காலியில் இருந்தபடி மைனி பார்த்த வேலையைச் சொல்கிறேன். ஒரு கிலோ பச்சரிசிக்கு நூறு கிராம் ஜவ்வரிசி. மாவு ஒரு பங்கென்றால் தண்ணீர் மூன்று பங்கு, புது அரிசியானால் அதிலும் குறைக்க வேண்டும். நனைத்த விரலால் தொட்டால் கூழ் ஒட்டக்கூடாது. அரைவேக்காட்டில் இறக்கினால் வத்தல் காயும்போதே நொறுங்கும், பொரித்தாலும் நடுவில் கடுக்கென்று நிற்கும். உப்பு, கூழில் ஒரு மாற்றுக் குறைவாகத் தெரிய வேண்டும். அப்போதே நாக்குக்குச் சரியாக இருந்தால் காய்ந்தபின் கரிக்கும். எலுமிச்சைச் சாறு அடுப்பை விட்டு இறக்கியபிறகுதான். சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வத்தல் உரிந்து வரும். அப்புறமும் இரண்டு மூன்று வெயில் காட்ட வேண்டும். ஒடித்தால் டக்கென்று ஒடியணும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, டப்பாவில் பூசணம் பிடிக்கும். சரவாங்கிக்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நோய் எதிர்ப்பு குறைந்திருக்கும், அந்த வீட்டில் பூசணத்தைத் தட்டிவிட்டுப் பொரிக்கிற பேச்சே கிடையாது. இத்தனையும் யார் பார்த்தது? அச்சைத் திருகியது மட்டும்தான் அடுத்தவர் கை. பக்குவம் மைனியுடையது.

கடையில் வாங்கலாமே என்பீர்கள். வாங்குங்கள், அது அவரவர் விருப்பம்.

அந்தக் காலத்து ஆச்சிமார் தனியாகச் செய்யவில்லையா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. வளவே கூடித்தான் செய்தது. ஒரு வீட்டு அடுப்பில் கூழ் கொதிக்கும், அடுத்த வீட்டு அச்சு வரும், எதிர்வீட்டுப் பிள்ளைகள் காக்கா விரட்டும். மறுநாள் அடுத்த வீட்டு முறை. ஒத்தாசை இல்லாமல் பிழிந்த வத்தல் இந்தச் சீமையில் எப்போது இருந்தது?

கை அசையாவிட்டால் முடங்கிவிடுமாம். மருத்துவர் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி வேறு, வீங்கிய மூட்டால் அச்சை அமுக்குவது வேறு. அம்பாசமுத்திரத்துச் சித்தி இதே பேச்சுக்குப் பயந்து யாரையும் கூப்பிடாமல் தனியாகப் பிழிந்தார்கள். மறுநாள் தலையில் சீப்பு வைக்க முடியவில்லை, சித்தப்பாதான் பின்னிவிட்டார். சபாஷ் சொன்ன ஒருவரும் அன்றைக்கு எட்டிப் பார்க்கவில்லை.

அறுப்புக்கு ஆள் விடுகிற ஆம்பிளையை யாராவது சோம்பேறி என்கிறார்களா? வரப்பில் குடை பிடித்து நின்றாலும் அவர் பண்ணையார். பொம்பிளை நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் ஏன் கண்ணை உறுத்துகிறது? முகத்தில் தெரியாத நோய் என்றால் பொய்யாகிவிடுமா? அவர்கள் வலியை உங்களுக்குக் கட்டுக்கட்டிக் காட்ட வேண்டுமா?

மோர் மிளகாய் இன்னும் பாக்கி. காம்போடு நுனியைக் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் ஊறவைத்து, பகலில் வெயில், ராத்திரி திரும்பவும் மோர் என்று மோர் வற்றுகிறவரை போட வேண்டும். ஆனி பிறந்து சாரல் காற்று அடித்தால் எதுவும் காயாது, அதனால் வைகாசிக்குள் முடிக்கணும். வாரத்துக்கு ஒருமுறை போடுகிற மாத்திரைக்கு மறுநாள் மைனிக்கு அசதியும் குமட்டலுமாக இருக்கும், அந்த நாள் வேண்டாம். மற்ற எந்த நாளும் வரலாம். பந்தியில் சிரித்தவர்களும் வரலாம், ஆனால் முதலில் மைனியிடம் போய்ப் பேசிவிட்டு அப்புறம் மிளகாயில் கை வையுங்கள்.